மறுமொழி: சொமாடிக் பிராக்டிஸ் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். சொமாடிக் பிராக்டிஸ், அதாவது உடம்பை உள்ளேர்ந்து உணர்ந்துக்கிட்டே செய்யற பயிற்சி, இதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு இங்க வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

ஐயா, நீங்க சொன்ன 'உடலியல் பயிற்சி' ஒத்து வராதுங்கய்யா. உடலியல்னா பிசியாலஜின்னு பாடப்புத்தகத்துலயே நிலைச்சிடுச்சு. 'உடற்பயிற்சி' வாடை அடிக்கிற சொல்லும் வேணாம், ஏன்னா இதுல எவ்ளோ வளைஞ்சோம் எத்தனை தடவை செஞ்சோம்னு பாக்கறதே இல்ல, செய்யும்போது உள்ள என்ன தெரியுதுங்கறதுதான் விஷயம். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் தாமஸ் ஹன்னா 1976-ல சொமாடிக்ஸ்னு பேர் வச்சதே அதுக்குத்தான், டாக்டர் வெளியிலேர்ந்து பாக்கற உடம்பு வேற, அவங்கவங்க உள்ளேர்ந்து உணர்ற உடம்பு வேற, அந்த ரெண்டாவதைத்தான் அவர் சோமான்னார்.

காட்பாடி அண்ணன் சொன்ன 'மெய்யுணர் பயிற்சி' கேக்க அழகா இருக்கு, மெய்னா உடம்புதான், மறுக்கல. ஆனா குறள்ல 36-வது அதிகாரமே மெய்யுணர்தல், அங்க அது உண்மைய உணர்றது. பயிற்சிக்குக் கூப்பிட நான் அடிக்கப்போற நோட்டீஸ்ல போட்டா ஏதோ தியான வகுப்பு, சாமி விஷயம்னு பாதிப் பேர் வராம போயிடுவாங்க.

எனக்கு இந்தச் சொல் வேண்டியது குடியாத்தம் பக்கம் பீடி சுத்தற பெண்களுக்காக. ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கூலி, அதனால முறத்தை மடியில வச்சா காலைலேர்ந்து கழுத்து குனிஞ்சபடியே, தோள் ரெண்டும் காதுப் பக்கம் ஏறி நிக்கும், எழுந்து டீ குடிக்கும்போதும் இறங்காது. தோளை இறக்குங்கக்கான்னா "இறக்கித்தான கீறேன்"னு சொல்றாங்க, நிஜமாவே அவங்களுக்கு அப்படித்தான் தெரியுது. இறுக்கிப் பிடிச்ச தசைய விடறது எப்படின்னு மூளைக்கு மறந்துடுது. ஹன்னா இதை சென்சரி மோட்டார் அம்னீஷியான்னார், நான் 'உடல்மறதி'ன்னு போட்டிருக்கேன், 'மரத்துப்போறது'ன்னு போட்டா ஊசி போட்ட மாதிரின்னு நினைச்சுப்பாங்க.

அதனால என் ஓட்டு 'உடலுணர் பயிற்சி'க்கு. உடம்பை உணர்றது, உடம்பே உணர்றது, ரெண்டு அர்த்தமும் வருது, வாய்க்கும் கஷ்டமில்ல.

இந்தப் பயிற்சியில வர்ற பாண்டிகுலேஷனுக்குப் புதுசா எதுவும் உருவாக்க வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், நம்மகிட்டயே 'சோம்பல் முறிக்கிறது' இருக்கு, பூனை எழுந்ததும் செய்யுதே அதேதான். இறுகின தோளைப் புடிச்சு இழுக்கறதில்ல, நாமே வேணும்னு இன்னும் கொஞ்சம் காதுகிட்ட தூக்கி, அப்புறம் மெல்ல, ரொம்ப மெல்ல இறக்கணும், வேகமா விட்டா இறங்கற வழி மூளைக்குத் தெரியாது. இதைச் சொல்லிக்குடுத்தா ஒரே நிமிஷத்துல புரிஞ்சுக்கறாங்க, 'தசைநீட்சி'ன்னு நோட்டீஸ்ல போட்டா யாருக்குப் புரியும்?

இன்டெரோசெப்ஷன், அதாவது உடம்புக்குள்ள நடக்கறதை உணர்றது, அதுக்குச் சொல்தான் இன்னும் இடிக்குது. 'உள்ளுணர்வு' ஏற்கெனவே இன்ட்யூஷனுக்குப் போயிடுச்சு. பசி, தாகம், நெஞ்சு படபடக்கறது, மூத்திரம் முட்டறது எல்லாம் இதுல அடக்கம். கடைசியா சொன்னது முக்கியம்ங்க, எழுந்தா வேலை நிக்குதேன்னு அடக்கி அடக்கி பழகிட்டவங்க இவங்க, அதனால இந்தச் சொல் நோட்டீஸ்ல கண்டிப்பா வேணும். 'உட்புலன்' போடலாமா? உள்ளுக்குள்ள இன்னொரு கண்ணு காதுன்னு எடுத்துப்பாங்களோன்னு ஒரு தயக்கம். அகராதி வேலை பாக்கறவங்க சொல்லுங்க, அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி மாத்திக்கறேன்.