ஐபோன் போட்டோஸ் ஆப் புது வடிவம்: வந்த படம் கடைசியில் இல்லை, ஆல்பம் எங்கே என்றும் தெரியவில்லை

நெய்தல்76:
வணக்கம். வீட்டில் இரண்டு ஐபோன். அம்மாவிடம் எக்ஸ்ஆர், அதில் ஐஓஎஸ் 18. இன்னொன்று 13, அதில் ஐஓஎஸ் 26. இரண்டிலும் ஒரே ஆப்பிள் அக்கவுண்ட்.

ஐஓஎஸ் 17 வரை லைப்ரரி, ஃபார் யூ, ஆல்பம்ஸ், சர்ச் என்று கீழே நாலு டாப் இருந்தன. எக்ஸ்ஆரில் இப்போது எல்லாம் ஒரே நீளப் பக்கம். நேற்று ஏர்டிராப்பில் (பக்கத்து ஐபோனிலிருந்து நேரடியாக அனுப்பும் வசதி) வாங்கிய கல்யாணப் படங்கள் கடைசியில் இல்லை. ஜிபே ரசீது ஸ்கிரீன்ஷாட்டுகள் குழந்தை படங்களோடு கலந்து கிடக்கின்றன. ஆல்பத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் விரல் தேயத் தள்ள வேண்டியிருக்கிறது. பழைய வடிவத்துக்கே திரும்ப முடியுமா? முடியாதென்றால் இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கருவேலம்:
திரும்ப முடியாது சகோ. இந்த வடிவம் 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 உடனேயே வந்தது. பழைய ஐஓஎஸ்ஸை ஏற்ற ஆப்பிள் சர்வர் அனுமதி தர வேண்டும், புதுப் பதிப்பு வந்து கொஞ்ச நாளில் அதை நிறுத்திவிடுவார்கள். புதுப் பதிப்பில் எடுத்த பேக்கப்பும் பழையதில் ஏறாது. அந்த முயற்சியில் இறங்கினால் படங்களைத்தான் பறிகொடுக்க நேரும்.

கல்யாணப் படங்கள் போனில்தான் இருக்கின்றன. ஏர்டிராப்பில் வரும் படம் எடுத்த தேதியையும் சேர்த்தே கொண்டுவரும். வரிசை 'டேட் கேப்சர்டு' என்று இருந்தால், போன வருஷம் எடுத்த படம் போன வருஷத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வருபவை எடுத்த தேதியை இழந்துதான் வரும். அதனால் அவை வந்த நாளிலேயே நிற்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் மட்டும் தேதி அப்படியே இருக்கும். ஒரே கல்யாணத்தின் படங்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடப்பது இதனால்தான்.

மாற்றும் வழி: எக்ஸ்ஆரில் போட்டோஸைத் திறந்ததும் மேலே படக் கட்டங்கள் தெரியும். அவற்றின் மேல் விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். கட்டங்கள் திரை முழுக்க விரியும். அப்போதுதான் கீழே 'இயர்ஸ், மன்த்ஸ், ஆல்' பட்டை வரும். அதன் இடப் பக்கம் மேலொன்று கீழொன்றாக இரண்டு அம்புக்குறி போட்ட சின்ன பட்டன் இருக்கும். முதல் பக்கத்திலேயே நின்று தேடுபவர்கள் கண்ணில் அது படாது. அதைத் தொட்டு 'சார்ட் பை ரீசன்ட்லி ஆடட்' என்று வையுங்கள். போனுக்குக் கடைசியாக வந்த படம் கடைசியில் நிற்கும். முன்பிருந்த 'ரீசன்ட்ஸ்' ஆல்பத்தின் வரிசையும் இதுதான்.

அதே மெனுவில் 'வியூ ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஜிபே ரசீதுகள் கட்டங்களிலிருந்து மறையும், அழியாது. வேண்டும்போது 'மீடியா டைப்ஸ்' பகுதியில் ஸ்கிரீன்ஷாட்ஸைத் திறந்தால் எல்லாம் இருக்கும்.

ஆல்பத்துக்கு: பக்கத்தின் அடிமட்டம் வரை போனால் 'கஸ்டமைஸ் அண்ட் ரீஆர்டர்' வரும். 'ஆல்பம்ஸ்' வரியின் வலது ஓரத்துக் கோடுகளைப் பிடித்து முதல் இடத்துக்கு இழுங்கள். பார்க்காத பகுதிகளின் டிக்கை எடுத்துவிடுங்கள். அம்மாவின் போனுக்கு 'பின்டு கலெக்‌ஷன்ஸ்', 'ஆல்பம்ஸ்', 'யுடிலிட்டிஸ்' மூன்று போதும் என்பது என் கருத்து. பின்டு கலெக்‌ஷன்ஸில் 'மாடிஃபை' தொட்டு, அடிக்கடி திறக்கும் ஆல்பங்களை அங்கேயே சேர்த்துவிட்டால் கீழே தள்ளும் வேலையே இல்லை.

பொன்வண்டு:
கருவேலம் சொன்னது எக்ஸ்ஆருக்கு. எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் மூன்றுக்கும் ஐஓஎஸ் 26 கிடையாது. அதனால் அம்மாவின் போனில் இந்த ஒற்றைப் பக்கம்தான் நிலை. அதற்காகவே ஒருமுறை பொறுமையாக அடுக்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

13ல் நிலைமை மேல். 2025 செப்டம்பரில் வந்த 26ல் டாப்கள் திரும்ப வந்துவிட்டன. 'லைப்ரரி'யில் கட்டங்கள் மட்டும், 'கலெக்‌ஷன்ஸ்' டாபில் ஆல்பம் உட்பட மற்றதெல்லாம், தேடலுக்குத் தனி பட்டன். கலெக்‌ஷன்ஸில் வேண்டாத தலைப்புகளைச் சுருக்கியும் வைக்கலாம். வரிசை, ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இந்தப் போனில் தனியாகப் பார்த்து ஒருமுறை வைத்துவிடுங்கள்.

எக்ஸ்ஆர் 18.4க்குக் கீழே இருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள். எந்த ஆல்பத்திலும் சேராத படங்களை மட்டும் காட்டும் ஃபில்டர் 18.4ல்தான் வந்தது. ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பதை ஆல்பமாகப் பிரிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு பிடி படங்களை ஆல்பத்தில் சேர்த்தால் அவை பட்டியலிலிருந்து விலகும், மிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். 'ரீசன்ட்லி வியூடு', 'ரீசன்ட்லி ஷேர்டு' பட்டியல்களை நிறுத்தும் வசதியும் அந்தப் பதிப்பில் வந்தது. செட்டிங்ஸில் அடிவரை போய் 'ஆப்ஸ்', அதில் 'போட்டோஸ்'. போனைப் பிறர் கையில் கொடுப்பவர்கள் அணைத்து வைக்கலாம்.

நெய்தல்76:
மிக்க நன்றி. கல்யாணப் படங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் ஏதோ தொட்டதில் எக்ஸ்ஆரில் இப்போது வீடியோக்கள் மட்டும் தெரிகின்றன. 'ஹிடன்' ஆல்பத்தையும் காணவில்லை. இன்னொன்று: எக்ஸ்ஆரில் இடம் குறைவு, அதில் மட்டும் படங்களை அழித்து 13ல் வைத்துக்கொள்ளலாமா?

கருவேலம்:
வீடியோ மட்டும் தெரிவது ஃபில்டர் விழுந்ததால். அதே அம்புக்குறி பட்டன், 'ஃபில்டர்', அதில் 'ஆல் ஐட்டம்ஸ்'. படம் காணோம் என்று பதறும் முன் எப்போதும் இதை முதலில் பாருங்கள்.

ஹிடன் ஆல்பம் யுடிலிட்டிஸில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செட்டிங்ஸ், ஆப்ஸ், போட்டோஸ் வழியே போய் 'ஷோ ஹிடன் ஆல்பம்' ஆன் செய்யுங்கள். திறக்க ஃபேஸ் ஐடி கேட்கும்.

மூன்றாவதில் அவசரப்படாதீர்கள். ஒரே அக்கவுண்டில் ஐக்ளவுட் போட்டோஸ் (படங்களை ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பில் வைக்கும் வசதி) இரண்டு போனிலும் ஆன் ஆக இருந்தால், எக்ஸ்ஆரில் அழிப்பது 13லும் அழியும். இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் அதே போட்டோஸ் பக்கத்தில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' தேர்ந்தெடுங்கள். முழு அளவுப் படம் ஐக்ளவுடில் இருக்கும், இடம் நெருங்கும்போது போனில் சின்ன அளவு மட்டும் தங்கும். பழைய படத்தைத் திறக்கையில் ஒரு நொடி மங்கலாக இருந்து பிறகு தெளியும், அவ்வளவுதான். ஐக்ளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால் மொத்தப் படங்கள் அதற்குள் அடங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்வண்டு:
யுடிலிட்டிஸில் 'டூப்ளிகேட்ஸ்' இருக்கிறதா பாருங்கள். 'மெர்ஜ்' கொடுத்தால் தரம் கூடியதை வைத்துக்கொண்டு மற்றதை 'ரீசன்ட்லி டெலிடட்'டுக்கு அனுப்பும். அங்கே 30 நாள் வரை கிடக்கும், அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். உடனே இடம் வேண்டுமானால் அதையும் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் அதற்குள் ஒருமுறை மெதுவாகப் பார்த்துவிடுங்கள். ஆல்பத்துக்குள் நின்று குப்பைத் தொட்டியைத் தொட்டால் 'ரிமூவ் ஃப்ரம் ஆல்பம்', 'டெலிட்' என்று இரண்டு கேட்கும். ஆல்பத்திலிருந்து மட்டும் எடுக்க நினைத்து டெலிட் தொட்ட படங்கள் பலருக்கும் அங்கேதான் கிடக்கின்றன.