கெடில்ஸ்டன் ஹால் பின்பக்கம் ஏன் மொட்டையா நிக்குது?

கல்லும்சுண்ணாம்பும்:
இங்கிலாந்துல டெர்பிஷயர்ல இருக்கிற கெடில்ஸ்டன் ஹால்ங்கிற பழைய பெரிய மாளிகைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. முன்னாடி நின்னு பாத்தா நடுவுல ரோமன் கோயில் மாதிரி ஆறு பெரிய தூண், ரெண்டு பக்கமும் கையை விரிச்ச மாதிரி வளைஞ்ச நடைக்கூடம், அதோட முனையில பக்கத்துக்கு ஒண்ணா தனி வீடு சைஸ்ல பிளாக். அப்படியே சுத்திப் பின்னாடி போனா வளைஞ்ச நடையும் இல்ல பிளாக்கும் இல்ல, நடு வீடு மட்டும் ஒத்தையா நிக்குது, டிசைனும் வேற ஒருத்தர் கை பட்ட மாதிரி இருக்கு. பல்லேடியன் வீடுன்னா, அதாவது இத்தாலிய ஆர்க்கிடெக்ட் பல்லேடியோ பாணி வீடுன்னா, எல்லாம் அளவெடுத்து சமமா இருக்கும்னுதான் படிச்சிருக்கேன், இது மட்டும் ஏன் இப்படி?

வரைபலகை:
உங்க கண்ணுக்குப் பட்டது ரெண்டுமே சரி. அந்த வீட்டுக்கு மொத்தம் நாலு பிளாக் பிளான் பண்ணாங்க, மூலைக்கு ஒண்ணு. கட்டினது முன்பக்கமான வடக்குல ரெண்டு மட்டும்தான், தெற்குப் பக்கத்துக்குன்னு வச்சிருந்த மியூசிக் ரூம், சேப்பல் எல்லாம் பேப்பரோட நின்னுபோச்சு. நடுவுல ஒரு வீடு, வளைஞ்ச நடையில கோத்த நாலு பிளாக்குங்கிற ஐடியாவே பல்லேடியோ 16ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச வில்லா மொசெனிகோ பிளான்லேர்ந்து வந்தது.

வேற கைன்னு சொன்னீங்களே, அதுவும் உண்மை. 1759ல வீட்டுச் சொந்தக்காரர் நத்தேனியல் கர்சன் வேலையை ஆரம்பிச்சப்ப மேத்யூ பிரெட்டிங்ஹம் ஆர்க்கிடெக்டா இருந்தார், அவருக்கு அப்புறம் ஜேம்ஸ் பெயின் வந்தார், வடக்கு முகப்பு பெரும்பாலும் பெயின் டிசைன். ராபர்ட் ஆடம்ங்கிற இன்னொரு ஆர்க்கிடெக்டை முதல்ல பார்க்குல வர்ற சின்னக் கட்டடங்களுக்குத்தான் கூப்பிட்டாங்க, அவர் இத்தாலியில ரோமன் இடிபாடுகளை உக்காந்து வரைஞ்சு பழகிட்டு அப்பதான் திரும்பி வந்திருந்தார், கொஞ்ச நாள்லயே மொத்த வீடும் அவர் கைக்கு வந்துடுச்சு. தெற்கு முகப்பு அவரோடது. ரோம்ல இருக்கிற கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை எடுத்து வீட்டு முகத்துல வச்சிருக்கார், முன்னால தள்ளி நிக்கிற நாலு தூண், ஒவ்வொண்ணு மேலயும் சிலை, பின்னாடி தாழ்வா ஒரு டோம். என்னைக் கேட்டா அந்த ரெண்டு பிளாக்கும் வராததே நல்லது, இருந்திருந்தா அந்த முகப்பு இவ்வளவு தனிச்சுத் தெரிஞ்சிருக்காது.

பழையநிலைப்படி:
உள்ள போறப்ப அந்த வரிசையை கவனிச்சீங்களா? முதல்ல மார்பிள் ஹால், ரோஸ் கலர் ரேகை ஓடுற அலபாஸ்டர் கல்லுல 20 தூண், ஒவ்வொண்ணும் 25 அடி, வெளிச்சம் மேலேர்ந்து இறங்குது, ரோமன் வீட்டு முற்றத்துல நிக்கிற மாதிரி இருக்கணும்னு பண்ணது. அதைத் தாண்டினா வட்டமா சலூன், 62 அடி உசரம், உச்சியில கண்ணாடி. எனக்கு அங்க கழுத்து வலிச்சும் தலையை இறக்க மனசு வரல. ஆனா இதுல யாரும் குடியிருக்கல, குடும்பம் இருந்தது கிழக்குப் பக்கத்து பிளாக்ல, மேற்கு பிளாக் சமையல்கட்டு. நடு வீடு முழுக்க விருந்தாளிக்கும் படம், சிலை காட்டறதுக்கும்தான். 1777ல ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் வந்து பாத்துட்டு இது டவுன் ஹாலா இருந்தா ரொம்ப நல்லா இருக்கும், தூண் வச்ச ரூம்ல ஜட்ஜுங்க உக்காந்து கேஸ் விசாரிக்கலாம்னாராம்.

கல்லும்சுண்ணாம்பும்:
நன்றி, நாலு பிளாக் பிளான்னு தெரிஞ்சதும் தரைப்படத்தை எடுத்து வச்சுப் பாத்தேன், இப்பதான் புரியுது. அப்போ முழுசா நாலும் கட்டின வீடு எங்கயாவது இருக்கா?

வரைபலகை:
இருக்கு. நார்ஃபோக்ல ஹோல்கம் ஹால், 1734ல ஆரம்பிச்சு 1764ல முடிச்சது, அங்க நாலும் நிக்குது, ஆனா வளைஞ்ச நடை கிடையாது, சின்ன இணைப்புதான். பிரெட்டிங்ஹம் கெடில்ஸ்டனுக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கதான் வேலை பார்த்தார்.

பழையநிலைப்படி:
வளைஞ்ச நடையோட நாலும் வேணும்னா கல்கத்தாவுல ராஜ்பவன்னு இருந்து 2025ல லோக்பவன்னு பேர் மாறின கவர்னர் மாளிகையைப் பாருங்க. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1799ல ஆரம்பிச்சு 1803ல முடிச்ச கவர்ன்மென்ட் ஹவுஸ், சார்லஸ் வயட் கெடில்ஸ்டன் பிளானை வச்சு டிசைன் பண்ணது. டெர்பிஷயர்ல நின்னுபோன ரெண்டும் அங்க சேந்துடுச்சு, ஜான்சன் சொன்ன மாதிரியே சர்க்கார் கட்டடமாவும் ஆயிடுச்சு. 1859ல கெடில்ஸ்டன்ல பொறந்த ஜார்ஜ் கர்சன் 1899ல வைஸ்ராயா வந்து இறங்கினது அந்த வீட்டுலதான்.