240இசட்: விற்பதற்கென்று கட்டினால் எல்28-ஆ, ஆர்பி26-ஆ?

நீலஇசட்_72
கலிஃபோர்னியாவில் நிற்கும் 1972 டாட்சன் 240இசட் (நிசானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்). எச்எல்எஸ்30 (இடது ஸ்டியரிங்) சேசிஸ். அசல் எல்24 இன்ஜின் இல்லை, அந்த இடத்தில் பிந்தைய மாடலான 280இசட்எக்ஸின் எல்28 (எஃப்54 பிளாக், பி79 ஹெட்) உட்கார்ந்திருக்கிறது. தரைத்தகடு இரண்டு பக்கமும் போச்சு, பேட்டரி தட்டு ஓட்டை. முழுக்கப் பிரித்துக் கட்டி விற்பதுதான் திட்டம். ஆர்பி26 (நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் இரட்டை டர்போ இன்ஜின்) மாட்டினால் விலை ஏறும் என்று ஒரு கட்சி, விழும் என்று இன்னொரு கட்சி. காரணம் சொல்லி அடிச்சுக்குங்க.

ட்வின்டர்போ_தம்பி
இதில் அடிச்சுக்க என்ன இருக்கு? எல்24 வெறும் 2393 சிசி, 151 குதிரை, அதுவும் பழைய கிராஸ் கணக்கு (துணைக் கருவி இல்லாம இன்ஜினைத் தனியா அளந்தது). ஆர்பி26 2568 சிசி, 1989-ல் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் வந்தப்பவே காகிதத்தில் 280. காரோ ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. அசல் இன்ஜின் இல்லாத வண்டியில் விரதம் ஏற்கெனவே முறிஞ்சாச்சு, இனி பாதி விரதம் எதுக்கு? கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடலுக்குப் புகைச் சோதனையும் கிடையாது. எல்எச்டி (இடது ஸ்டியரிங்) வண்டியில் ஸ்டியரிங் ஷாஃப்ட் இடது பக்கம், ஆர்பி26-இன் டர்போ ரெண்டும் வலது பக்கம். இடிக்கவே இடிக்காது.

பட்டி_வேண்டாம்
இன்ஜின் சண்டையை ஓரமா வைங்க. தரைத்தகடு போச்சுன்னா கீழே ஓடும் சேசிஸ் ரெயிலும் (தரையைத் தாங்கும் நீளச் சட்டம்) போயிருக்கும். முன் ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றிப் பாருங்க. கண்ணாடிக்குக் கீழே கவுலில் விழும் தண்ணி அந்த வழியாத்தான் இறங்குது. இலைதழை அடைச்சா ஃபெண்டருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே ஈரமண் குவிஞ்சு, ராக்கர் (கதவுக்கு அடியில ஓடும் பெட்டிச் சட்டம்) முனை உள்ளிருந்தே தின்னுடும். அடுத்து கதவுக்குப் பின்னால இருக்கும் நாய்க்கால் (பின் வீலுக்கு முன்னால வளையும் தகடு), பின் வீல் ஆர்ச், ஸ்டெப்னி குழி. எல்லா இடத்திலும் காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அடியில தகரம் இல்ல, பட்டிதான் (பள்ளம் நிரப்பும் பேஸ்ட்).

ராக்கரையோ ரெயிலையோ வெட்டுறதுக்கு முன்னால கதவை மூடி இடைவெளியை நாலு இடத்தில் அளந்து எழுதி வைங்க. கதவு நிலையில் குறுக்குக் குழாய் வெல்ட் பண்ணுங்க. வண்டியின் எடை சஸ்பென்ஷன் மவுண்ட்லதான் நிக்கணும், நடு வயித்துல ஸ்டாண்டு கூடாது. இதைச் செய்யாம வெட்டினா, வெல்டிங் முடிஞ்சு கதவு மாட்டும்போது பின் விளிம்பு தூக்கி நிக்கும். அப்புறம் ஹின்ஜை எத்தனை தடவை தளர்த்தினாலும் உட்காராது.

அசல் தரை ஒரு மி.மீ.-க்கும் குறைவு. புதுசுக்கு 1.2 மி.மீ. போடுங்க. மிக் வெல்டரில் 0.6 மி.மீ. வயர், ஒரு பொட்டு இங்க, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி. நீளமா இழுத்தா தகடு அப்பளமாப் பொங்கிடும். ரெயிலுக்கு 8 மி.மீ. துளை போட்டு பிளக் வெல்ட், ஒட்டும் ரெண்டு முகத்திலும் வெல்ட்-த்ரூ பிரைமர். கடைசியில ரெயிலுக்குள் கேவிட்டி மெழுகு. பெரிய பேனலில் மணல் அடிக்க விடாதீங்க, கூரையும் பானட்டும் அலை அலையா வளைஞ்சுடும்.

ஸ்பேனர்_12_13
தம்பி, ஆர்பி26-ஐ இறக்கி வைத்தால் ஓடிவிடாது. அந்த சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) நாலு சக்கர ஓட்டத்துக்கானது, முன் டிஃப்பரன்ஷியல் அதோடே சேர்ந்திருக்கிறது. பின்சக்கர ஆர்பி20 அல்லது ஆர்பி25-இன் சம்ப்பும் ஆயில் பிக்கப்பும் வேண்டும். ஜிடி-ஆர் கியர்பாக்ஸில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சக்கரத்துக்கும் ஓட்டம் பிரிக்கும் பெட்டி) தொங்கும், அதுவும் உதவாது, பின்சக்கர ஆர்பி25 பெட்டி தேட வேண்டும். ஆர்32-இன் ஆரம்ப கால இன்ஜினாக இருந்தால் கிராங்க் முனையில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பகுதி குறுகலானது. அதிக சுற்றில் பம்ப் கியர் உடைந்தால் பேரிங் எல்லாம் ஒரே நொடியில் போகும். அந்தப் பகுதியை அகலமாக்கும் காலர் போட வேண்டும், இல்லாவிட்டால் பிந்தைய கிராங்க்.

கார்பரேட்டர் காலத்து டேங்க்கை வைத்துக்கொண்டு இன்ஜெக்‌ஷன் ஓட்டினால், பாதி டேங்க்கில் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றைக் குடிக்கும். சர்ஜ் டேங்க் (பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் வைத்திருக்கும் சிறு தொட்டி) கட்டாயம். பின்னால் ஆர்180 டிஃப் (டிஃப்பரன்ஷியல்), பிரேக் முன்னால் சாலிட் டிஸ்க், பின்னால் டிரம், இந்த பவருக்கு எதுவும் பத்தாது. இன்ஜினை மட்டும் மாற்றி வருகிறவர்கள் இதையெல்லாம் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை.

ட்வின்டர்போ_தம்பி
எழுதிட்டேன் சார். 280இசட்டின் ஆர்200 டிஃப், அதுக்கான மீசை பார் (பின்னால டிஃப்பைத் தாங்குற அந்த வளைஞ்ச பட்டைதான், பேரே அப்படி). பவர் கம்மியா வெச்சா சுபாரு எஸ்டிஐ-யின் ஆர்180 எல்எஸ்டி-யே (ஒரு சக்கரம் மட்டும் வெட்டியாச் சுத்தாமத் தடுக்கும் டிஃப்) போதும், ஆக்சில் முனை மட்டும் தனியாச் செய்யணும். பிரேக்குக்கு டொயோட்டா 4x4-இன் எஸ்12+8 காலிப்பர் அசல் டிஸ்க்லயே உட்காரும். எஸ்12டபிள்யூ-ன்னா காத்தோட்ட டிஸ்க்கும் ஸ்பேசரும் வேணும். மாஸ்டர் சிலிண்டர் 15/16 அங்குலம், இசட்எக்ஸில் இருந்து. பழைய 7/8-ஐ விட்டா பெடல் பாதாளம் வரை போகும். செலவு இருக்கு, மறுக்கல. ஆனா வாங்குறவன் பானட்டைத் திறந்ததும் வாயைத் திறக்கணுமா இல்லையா?

ஸ்பேனர்_12_13
வாயைத் திறப்பவன் வேறு, பர்ஸைத் திறப்பவன் வேறு. 2020 ஜனவரியில் இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது ஒரு 1971 240இசட். சுமார் 21,000 மைல் ஓடிய, அசல் பெயின்ட்டிலேயே இருந்த வண்டி.

ட்வின்டர்போ_தம்பி
அந்த ஏலத்தை இங்க இழுக்காதீங்க. அது பெட்டியில வெச்ச வண்டி. இது தரை போன, இன்ஜின் மாறின வண்டி. எவ்வளவு செஞ்சாலும் இது அது ஆகாது.

பட்டி_வேண்டாம்
இதில் தம்பி சொல்றது சரி. இன்ஜின் பே-யில் இருக்கும் தகட்டில் எல்24-ன்னு நம்பரோட அடிச்சிருக்கு, பிளாக்கில் வேற நம்பர். விளம்பரத்தில் இதை மறைச்சா முதல் கமென்ட்லயே கிழிச்சுடுவாங்க.

ஸ்பேனர்_12_13
ஒத்துக்கொள்கிறேன், ஒப்பீடு தப்பு. ஆனால் என் வாதம் வேறு. எல்28 அதே மவுண்ட்டில், அதே பெல்ஹவுசிங்கில் நிற்கிறது. எதையும் வெட்டவில்லை. நாளைக்கு ஒருவர் எல்24 தேடிப் பிடித்தால் ஒரு வார இறுதியில் திருப்பி மாட்டலாம். அந்த வழியை மூடாத வண்டிக்கு வாங்குபவர் கூட்டம் பெரியது. ஆர்பி வண்டியை வாங்குபவர், கட்டியவரின் வயரிங்கையும் டியூனிங்கையும் சேர்த்தே வாங்குகிறார், அதனால் சந்தேகத்தோடுதான் வருவார்.

எல்28-ஐயும் சும்மா விடச் சொல்லவில்லை. 2753 சிசி, ஃபிளாட்-டாப் பிஸ்டன். சிலர் என்42 ஹெட்டைப் போட்டு கம்ப்ரஷன் விகிதத்தைப் பத்துக்கு மேல் கொண்டுபோவார்கள். அந்த எரி அறையில் குவென்ச் (கலவையை நெருக்கி, தட்டலைக் குறைக்கும் ஒட்டிய பகுதி) கிடையாது, கலிஃபோர்னியா பிரீமியமோ 91 ஆக்டேன், ஏற்றத்தில் கிணுகிணு என்று தட்டும். அதைவிட பி90 ஹெட் வாங்கி 2 மி.மீ. சீவி, கேம் டவருக்கு அடியில் அதே 2 மி.மீ. ஷிம் வைப்பது மேல். ஷிம்மை விட்டால் கேம் கீழிறங்கி, செயின் தொய்ந்து டைமிங் பின்தங்கும். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. கார்பரேட்டருக்கு 1972 வரை வந்த உருண்டைத் தலை எஸ்யூ ஜோடி. 1973-இன் தட்டைத் தலை வேண்டவே வேண்டாம், சூட்டில் பெட்ரோல் கொதிக்கும்.

ஹெட்டைத் தூக்கும் முன் டைமிங் செயினுக்கு நடுவே மரஆப்பு இறக்குங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியதும் செயின் தளர்ந்தால், டென்ஷனரின் பிளஞ்சர் டப்பென்று வெளியே விழும். திருப்பி வைக்க முன் கவர் மொத்தமும் கழற்ற வேண்டும். ஒரு துண்டு மரத்துக்குச் சோம்பல்பட்டு ஒரு நாள் வேலை.

கியர்பாக்ஸ் 1981–83 இசட்எக்ஸின் ஐந்து கியர்: முதல் கியர் 3.062, ஐந்தாவது 0.745. பின்னால் பழைய 3.36 டிஃப்பே இருந்தால் ஐந்தாவது தூங்கும். ஆர்200 3.9 போட்டால் சரி.

நீலஇசட்_72
சரி, எல்28-ஐ வைத்தே போகிறேன். தம்பி கோவிச்சுக்க வேண்டாம். வயரிங்கில் ஏதாவது?

ட்வின்டர்போ_தம்பி
கோவம் இல்ல, வருத்தம்தான். வயரிங்ல ரெண்டு. ஹெட்லைட் கரன்ட் முழுக்க ஸ்டியரிங் சுவிட்ச் வழியாப் போகுது, சுவிட்சும் ஃபியூஸ் பாக்ஸும் உருகும். ரிலே ஹார்னஸ் போடுங்க. இசட்எக்ஸ் ஆல்டர்னேட்டர் மாட்டினா பழைய ரெகுலேட்டர் சாக்கெட்டில் டயோடு வைக்கணும், இல்லன்னா சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிக்காது. வாங்க வந்தவர் முன்னால அது நடந்தா பேரம் அங்கயே முடிஞ்சுது.

பட்டி_வேண்டாம்
விளம்பரத்துக்கு இப்பவே படம் எடுக்க ஆரம்பிங்க. வெட்டின ஓட்டை, பிரைமர் அடிச்ச உள்முகம், வெல்ட், மூடினது, இப்படி ஒரே கோணத்தில். அண்டர்கோட்டிங் தடிமனா அடிச்சு மூடாதீங்க, எதையோ மறைக்கிறாங்கன்னு நினைப்பாங்க. ஆறு சிலிண்டர் கம்ப்ரஷன் எண்ணையும் எழுதுங்க, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ற வீடியோ வெட்டாம போடுங்க.

நீலஇசட்_72
பின்பக்க கன்ட்ரோல் ஆர்மை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் ஸ்பிண்டில் பின் (நீளக் கம்பி) அசையவே இல்லை. ஒரு பக்கம் மரை நசுங்கிடுச்சு.

ஸ்பேனர்_12_13
சுத்தியலைக் கீழே போடுங்கள். நடுவில் இருக்கும் பூட்டுப் பின் வெளியே வந்ததா என்று முதலில் பாருங்கள். அது ஸ்பிண்டில் பின்னின் காடியில் கவ்வி நிற்கும், அது இருக்கும்வரை எத்தனை டன் கொடுத்தாலும் நகராது. வந்துவிட்டதென்றால் ஸ்ட்ரட்டோடு கழற்றி 20 டன் பிரஸ். அதற்கும் வராவிட்டால் ஆர்முக்கும் ஸ்ட்ரட் வார்ப்புக்கும் நடுவே, புஷ் இருக்கும் இடுக்கில், ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து நடுத்துண்டை மட்டும் பிரஸ்ஸில் தள்ளுங்கள். புதுப் பின்னும் புஷ்ஷும் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். மாட்டும்போது ஆன்டி-சீஸ் தடவ மறக்காதீர்கள்.