குலசாமி துணை குழு: காதுகுத்துக்கு முன்னால் ஜீப்

புதன், இரவு

செல்வம்: எல்லோருக்கும் ஒரு விஷயம். ஜீப்பின் பின் ஆக்சில் கொதிக்கிறது. கொழுக்குமலையிலிருந்து இறங்கி சூரியநெல்லி ஸ்டாண்டில் நிறுத்தினேன். குனிந்தால் கந்தக வாடை. நடு உருண்டை மேல் மழைத்துளி விழுந்ததும் சுர்ரென்று ஆவியாகிவிட்டது.

தேன்மொழி: அண்ணா, வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடி நீதான்.

வசந்தி அத்தை: கிடா சொல்லியாச்சு

கார்த்திக்: ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாயா அண்ணா?

செல்வம்: என்ஜின் இல்லையடா. ஆக்சில்.

ராசு மாமா: மாப்பிள்ளை, பதறாதே. அந்த நடு உருண்டைதான் டிஃபரன்ஷியல், பின் சக்கரங்களைச் சுற்றும் பல் சக்கரப் பெட்டி. ஓடி வந்தால் அது 80, 90 டிகிரியில் இருப்பது சாதாரணம். 60 தாண்டினாலே கை தாங்காது, அதனால் கை சுட்டதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் சுர்ரென்றால் 100 தாண்டியாச்சு. அதை விடக்கூடாது. உள்ளே பினியன் என்கிற சின்னச் சக்கரத்தின் பல், கிரௌன் என்கிற பெரிய சக்கரத்தின் பல் மேல் உருள்வதோடு நிற்காது, வழுக்கிக்கொண்டும் போகும். சூடு பிறப்பது அந்த வழுக்கலில்தான். நடுவில் ஆயில் படலம் இருக்கும் வரைக்கும் இரும்பும் இரும்பும் தொடாது. சூடு ஏறினால் ஆயில் நீர்த்துப் போகும், படலம் கிழியும், சூடு இன்னும் ஏறும். கொழுக்குமலைப் பாதையில் நீ லோ கியரில் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறுகிறாய். பாரம் முழுக்கப் பல்லில், காற்றோ படவே படாது. இப்போது சொல். பிரேக் டிரம் சுடுகிறதா, நடு உருண்டையா? தார் ரோட்டுக்கு வந்ததும் 4 வீல் லீவரை எடுத்தாயா? ஆயில் எப்போது மாற்றினாய், எவ்வளவு ஊற்றினாய்?

வசந்தி அத்தை: இவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு இடது கையால் டைப் அடிக்கிறார்

செல்வம்: நடு உருண்டைதான் மாமா. டிரம் வெதுவெதுப்பு. லீவரை எடுத்துவிட்டேன். ஆயில் போன மாதம், 90 ஆயில். மலை வண்டியாச்சே என்று கொஞ்சம் கூடவே ஊற்றினேன்.

ராசு மாமா: கூட ஊற்றியது தப்பு. கிரௌன் வீல் அதைத் தயிர் மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சூட்டையும் வாங்காது, பல்லையும் காக்காது. சமதளத்தில் நிறுத்தி, பக்கத்து நட்டைக் கழற்று. ஆயில் அந்த ஓட்டையின் விளிம்போடு நிற்க வேண்டும். சுண்டுவிரலை விட்டு மடக்கினால் நுனி நனைய வேண்டும். கூடினது வழிந்து போகட்டும்.

கார்த்திக்: கொரோனா நேரத்தில் வாங்கிய தெர்மாமீட்டரைக் காட்டிப் பார்க்கலாமே

ராசு மாமா: அது காய்ச்சலுக்கு. 42, 43க்கு மேல் காட்டாது. மாப்பிள்ளை, பின் டயர் இரண்டும் ஒரே அளவுதானே?

தேன்மொழி: அண்ணா?

செல்வம்: வலது பக்கம் சித்தப்பா கொடுத்த புது டயர். இடது பழசு, பட்டன் தேய்ந்துவிட்டது.

பாண்டி சித்தப்பா: நான் கொடுத்த டயரில் என்ன குறை?

ராசு மாமா: டயரில் குறை இல்லை மச்சான், ஜோடியில் குறை. தேய்ந்த சக்கரம் சின்னது, அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்று போக வேண்டும். வளைவில் மட்டும் உழைக்க வேண்டிய உள் பல் சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓய்வில்லாமல் சுற்றும். அதுவும் சூடுதான்.

பாண்டி சித்தப்பா: இரண்டு டயர் கொடுத்தேன். இன்னொன்று எங்கே?

செல்வம்: ஸ்டெப்னியில் சித்தப்பா

பாண்டி சித்தப்பா: உன் அப்பாவும் இப்படித்தான். இந்தக் கிணற்றுக்கு என்று மோட்டார் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கிணற்றில் இறக்குவார்.

வசந்தி அத்தை: அண்ணா, மோட்டார் கதை இப்போது வேண்டாம். அவர் போய் மூன்று வருடமாச்சு.

பாண்டி சித்தப்பா: நான் கோபத்தில் சொல்லவில்லை. அந்த ஸ்டெப்னியை இடது பக்கம் மாட்டச் சொல்.

செல்வம்: காலையில் மாட்டிவிடுகிறேன் சித்தப்பா.

கார்த்திக்: நான் வியாழன் இரவு பஸ். தேனியில் யார் கூப்பிட வருவீர்கள்?

தேன்மொழி: அப்பத்தாவைக் கோயிலுக்கு எப்படிக் கொண்டு போவது? அதைப் பேசுங்கள். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் போகிறதாம்.

ராசு மாமா: ஓடை! நல்லவேளை சொன்னாய். கொதிக்கிற ஆக்சிலை நேரே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர், அதாவது ஆக்சிலின் காற்றுத் துளை, திறந்திருந்தால் அது வழியாக மூச்சு வாங்கும். அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மாப்பிள்ளை, சமீபத்தில் எங்காவது அப்படி இறக்கினாயா?

செல்வம்: ஞாயிற்றுக்கிழமை. கோயில் இடம் பார்க்க வந்தபோது. போடிமெட்டு 17 கொண்டை ஊசியும் இறங்கி, நிற்காமல் ஓடையில் விட்டேன்.

ராசு மாமா: காலையில் முதல் வேலையாக ஆயிலை இறக்கு. அதுவரைக்கும் வண்டியை நகர்த்தாதே.

வியாழன், காலை

செல்வம்: (போட்டோ) மாமா, இதோ. பால் டீ.

தேன்மொழி: ஐயோ

ராசு மாமா: தண்ணீர் கலந்தாச்சு. ஆயில் இறக்கும் காந்த நட்டில் என்ன ஒட்டியிருக்கிறது? விரலில் தேய்த்துப் பார். மை மாதிரி வழுவழுவென்றால் சாதாரணத் தேய்மானம். நறுக்கென்று குத்தினால் பல் உடைந்திருக்கிறது.

செல்வம்: மை மாதிரிதான். குத்தவில்லை. பிரீதரில் செம்மண் இறுகிக் கிடந்தது. கம்பி விட்டுக் குத்திய பிறகுதான் காற்று வந்தது.

ராசு மாமா: அப்பாடா. ஜி.எல்.5 ரக கியர் ஆயில், 80டபிள்யூ 90 என்கிற கெட்டி அளவில் ஊற்று. 10 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு, சூட்டோடு இறக்கிவிடு, மூலையில் தங்கிய தண்ணீரும் வந்துவிடும். அப்புறம் புது ஆயில். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி பாடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நாளை ஓடைக் கரையில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு இறங்கு.

பாண்டி சித்தப்பா: டயர்?

செல்வம்: (போட்டோ) மாட்டியாச்சு சித்தப்பா. இரண்டும் உங்களுடையது.

பாண்டி சித்தப்பா: ம். காற்று ஒரே அளவாகப் பிடி.

கார்த்திக்: எதற்கும் ஒரு பிக்கப் வேன் சொல்லி வைக்கலாமா?

தேன்மொழி: அப்பத்தா சொல்லச் சொன்னது: "பேரன் வண்டி ஓடினால் ஏறுவேன், இல்லாவிட்டால் நடந்தே வருவேன். வேனில் வாந்தி வரும்."

வசந்தி அத்தை: 84 வயதில் நடக்கிறார்களாம்

செல்வம்: முதல் ஆயில் ஊற்றிவிட்டேன். ஓட்டப் போகிறேன். உருண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ராசு மாமா: கை வைக்காதே, தண்ணீர் தெளி.

தேன்மொழி: வேன் சொல்லவா வேண்டாமா? யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

வசந்தி அத்தை: வாழையிலை எத்தனை கட்டு?