30 கிலோ தூக்கும் லாமாவுக்கு இத்தனை புகழ் ஏன்?

கழுதைப்பிரியன்:
2024ஆம் ஆண்டை ஒட்டகக் குடும்ப விலங்குகளின் ஆண்டாக ஐ.நா. அறிவித்தாலும் அறிவித்தது, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் சுமை தூக்கும் லாமாவின் புராணம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. "இன்கா பேரரசையே முதுகில் சுமந்த விலங்கு" என்று நேற்றும் ஒருவர் எழுதியிருந்தார். கணக்குப் பார்ப்போம். வளர்ந்த லாமாவின் எடை 130 கிலோவைத் தாண்டும். அது சுமப்பதோ 25, 30 கிலோ. கூடுதலாக ஏற்றினால் படுத்துக்கொள்ளும், அதட்டினால் துப்பும். எங்கள் ஊரில் துணி மூட்டை சுமந்த கழுதை, பாதி உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு சுமந்தது. லாமாமேல் ஏறிப்போக முடியாது, ஏர் பூட்ட முடியாது, பாலும் கறப்பதில்லை. பேரரசைச் சுமந்தவை மனித முதுகுகள். வேறு விலங்கு கிடைக்காத குறையைத்தான் லாமாவின் பெருமையாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மறுப்பவர்கள் வரலாம்.

தாமதமாக வந்தவன்:
திபெத்தியத் துறவிகளைப் பற்றிய விவாதம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். முதல் பத்தியில் "துப்பும்" என்று படித்ததும் திடுக்கிட்டேன். இருந்தாலும் உட்கார்ந்துகொள்கிறேன்.

உப்பளத்தான்:
கழுதைப்பிரியன் ஐயா, வேலை நிமித்தமாகப் பொலிவியாவில் ஊயுனி உப்பளத்தின் ஓரம் இரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். உலகிலேயே அதிக லாமாக்கள் இருப்பது அந்த நாட்டில்தான். ஒற்றை லாமாவைத் தராசில் நிறுத்தியதிலேயே உங்கள் கணக்கு பிசகிவிட்டது. அது தனியாகப் போகிற விலங்கே அல்ல. காதில் வண்ணக் குஞ்சமும் கழுத்தில் மணியும் கட்டிய ஒன்று முன்னால் நடக்கும். முப்பது நாற்பது பின்னால் வரும். ஓட்டிச்செல்ல ஓரிரு ஆட்கள் போதும். உப்பை வெட்டியெடுத்துச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி, மக்காச்சோளத்தோடு திரும்பிய கூட்டங்கள் அப்படித்தான் போயின. லாடம் வேண்டாம், தீவனம் வேண்டாம். 4,000 மீட்டர் உயரத்தில் முளைக்கிற இச்சு என்ற முரட்டுப் புல்லை வழியிலேயே மேய்ந்துகொள்ளும். உங்கள் கழுதைக்கு அங்கே தீவனம் சுமக்க இன்னொரு கழுதை வேண்டும்.

கழுதைப்பிரியன்:
மேய்ந்துகொண்டே போகும், சரி. இரவில் மேயாது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இருட்டினால் அசைபோட்டுக்கொண்டு படுத்துவிடும். ஆகவே பொழுது இருக்கும்போதே நடையை நிறுத்தி மேயவிட வேண்டும். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போனால் பெரிது. நீங்கள் சொன்ன உப்புப் பயணங்களை லாரி ஒழித்துக்கட்டியது. அதற்கு முன்பே, பொலிவியாவின் போதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அர்ஜென்டினாச் சமவெளியிலிருந்து கோவேறு கழுதைகளை மந்தை மந்தையாக ஓட்டிவந்தார்கள். லாமா அவ்வளவு உசத்தி என்றால் எதற்காக ஓட்டிவந்தார்கள்?

புழுதிக்காடு:
எதற்காக என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: சமவெளியிலிருந்து ஓட்டிவர வேண்டியிருந்தது. 1545இல் போதோசி வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, தொடக்க காலத்தில் மலையிலிருந்து தாதுவை இறக்கியதும் லாமா, வெள்ளியைப் பசிபிக் கரையிலுள்ள அரிக்கா துறைமுகம்வரை கொண்டுபோனதும் லாமா. அதுகூடப் பெரிதில்லை. அந்த வெள்ளியை உருக்கியது எது தெரியுமா? மரமே முளைக்காத உயரம் அது. மலைக்காற்றில் எரிந்த சிறு களிமண் உலைகளில் இச்சுப் புல்லோடு போட்டு எரித்தது லாமாப் புழுக்கையை. தாக்கியா என்பார்கள்.

நான் விவசாயி, எருவைத் தவிர வேறெதிலும் எனக்குப் பக்தி கிடையாது. லாமா கண்ட இடத்தில் போடாது. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் வந்து போடும். அள்ளுகிறவனுக்கு அதைவிட வசதி உண்டா? பெருவில் குஸ்கோ பக்கம் மார்க்ககோச்சா என்று ஒரு குட்டை இருந்தது, இப்போது தூர்ந்துவிட்டது. அதன் சேற்றை ஆழத் தோண்டிப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் மக்காச்சோள மகரந்தம் தோன்றுகிறது. அதே காலத்தில், சாணத்தை அண்டி வாழும் நுண்ணிய உண்ணிகளும் திடீரென்று பெருகியிருக்கின்றன. 3,300 மீட்டர் உயரத்தில் மக்காச்சோளம் விளைந்ததற்குக் காரணம் லாமாவின் முதுகல்ல, பின்புறம்.

தாமதமாக வந்தவன்:
அவ்வளவு மரியாதை இருப்பதால்தானே பெரு நாட்டு இலச்சினையில் லாமாவை வைத்திருக்கிறார்கள்.

உப்பளத்தான்:
தம்பி, அது விகூன்யா. லாமாவின் உறவான, மென்முடிக்காக வளர்க்கும் அல்பாகாவின் காட்டு மூதாதை. லாமாவின் மூதாதை குவானாக்கோ. பெரு நண்பர்கள் முன்னால் இப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

தறிவீட்டுப் பெண்:
இத்தனை நேரமாக மூட்டையும் எருவும் பேசுகிறீர்கள். அந்த மூட்டையைக் கட்டிய கயிறும், உப்பு போட்ட சாக்கும் எதில் ஆனவை? லாமா முடியில். அல்பாகா முடி மென்மையானது, துணிக்குப் போகும். லாமாவின் மேல்முடி முரடு, அதைத் திரித்தால் கயிறும் கவணும் சாக்கும். சுமக்கிறதும் அதுவே, கட்டுகிறதும் அதுவே.

ஆனால் எனக்கு நெருடுவது வேறொன்று. இருவருமே எஜமானர் கணக்கைத்தான் எழுதுகிறீர்கள். மழை பொய்த்தால் கறுப்பு லாமாக்களைச் சதுக்கத்தில் கட்டிப் பட்டினி போடுவார்கள், அவை கத்தினால் வானம் இரங்கும் என்று பெருவின் பழைய வரலாற்று எழுத்தாளர் குவாமான் போமா எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் பொலிவியாவின் லா பாஸ் நகரச் சூனியக்காரிகள் சந்தையில் உலர்ந்த லாமாக் கருக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன, புது வீட்டின் அடித்தளத்தில் புதைப்பதற்காக. இதையும் "மனித வாழ்வில் லாமாவின் பங்கு" என்று சேர்த்துக்கொள்வீர்களா?

உப்பளத்தான்:
சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் அம்மா. குஞ்சம் கட்டிச் சீராட்டும் அதே கைதான் அறுத்து உப்புக்கண்டமும் போடுகிறது. சார்க்கி என்பார்கள். ஆங்கிலக்காரர்கள் "ஜெர்க்கி" என்று விற்பதும் இன்கா மக்களின் மொழியான கெச்சுவாவின் அந்தச் சொல்லிலிருந்து வந்ததே. நான் இருந்த வீட்டில் ஒரு கிழ லாமாவை விற்ற அன்று பாட்டி சாப்பிடவில்லை. விற்றது கறிக்குத்தான்.

துப்புவதைப் பற்றியும் ஒரு சொல். அது பெரும்பாலும் தங்களுக்குள் தீனிச் சண்டையில்தான். காது பின்னால் மடியும், மோவாய் உயரும், தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். பிறகு பச்சைக் கூழ். துப்பிய லாமாவுக்கே அந்தப் புளிப்பு பொறுக்காது. கீழுதடு தொங்க, வாயைத் திறந்துகொண்டு வெகுநேரம் பரிதாபமாக நிற்கும்.

ஆய்வக எலி:
புழுக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். லாமாவின் ரத்தத்தில் நம்முடையதைவிட எளிமையான ஒருவகை எதிர்ப்பொருள் (நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உண்டு. அதன் பற்றும் முனையை மட்டும் பிரித்தால் வழக்கமான எதிர்ப்பொருளில் பத்தில் ஒரு பங்குதான், நானோபாடி என்கிறோம். ரத்த நாளங்களுக்குள் சிறு கட்டிகள் உறைந்து உயிரைப் பறிக்கும் டிடிபி நோய்க்கான கப்லாசிசுமாப் மருந்துக்கு 2018இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது லாமாவின் எதிர்ப்பொருளிலிருந்து உருவானது. கொரோனா ஆய்வுக்கு உதவியதும் பெல்ஜியத்தில் இருந்த வின்டர் என்ற லாமாதான். 2016இல் அதற்கு சார்ஸ், மெர்ஸ் கிருமிகளின் புரதங்களைச் செலுத்தியிருந்தார்கள். தறிவீட்டு அக்கா கவலைப்பட வேண்டாம், எடுப்பது கொஞ்சம் ரத்தம் மட்டுமே.

கழுதைப்பிரியன்:
இதில் எனக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும் தம்பி. 1993இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் அந்த எதிர்ப்பொருளை வெளியிட்டது ஒட்டக ரத்தத்திலிருந்து. பெருமை ஒட்டகத்துக்குச் சேர வேண்டும். லாமா பங்காளி முறையில் பாகம் கேட்கிறது.

ஆய்வக எலி:
உண்மைதான் ஐயா. ஆனால் ஆய்வகத்துக்குப் பின்னால் ஒட்டகத்தைக் கட்டி மேய்ப்பதைவிட லாமா எவ்வளவோ மேல்.

கழுதைப்பிரியன்:
அப்படியானால் வசதி கருதித்தான் வைத்திருக்கிறீர்கள். நான் முதலில் சொன்னதும் அதுவே. எருவுக்கு மட்டும் தோற்றுப்போனேன், ஒப்புக்கொள்கிறேன். சுமை விஷயத்தில் மாற்றமில்லை.

புழுதிக்காடு:
இன்னும் ஒன்று சொல்கிறேன். ஆண்டிய மக்கள் பால்வீதியின் கறுத்த பகுதியில் ஒரு லாமாவைப் பார்க்கிறார்கள். பெயர் யக்கானா. ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி இரண்டும் அதன் கண்கள். அது நள்ளிரவில் இறங்கிக் கடல் நீரைக் குடித்துவிடுவதால்தான் உலகம் மூழ்காமல் இருக்கிறதாம். உங்கள் கழுதைக்கு வானத்தில் இடம் உண்டா ஐயா?

கழுதைப்பிரியன்:
கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கடகத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்கு லத்தீனில் வடக்குக் கழுதை, தெற்குக் கழுதை என்றே பெயர். நடுவில் மங்கலாகத் தெரியும் கூட்டத்துக்குத் தீவனத் தொட்டி என்று பெயர். நம் பூச நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது. நான் பிறந்ததும் பூசத்தில்.