வீட்டுக் கராஜில் விமானம் கட்ட விடலாமா?

தரையே_போதும்: அமெரிக்காவில் கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம், சட்டமே இடம் கொடுக்கிறது என்று ரிவெட் ராஜா அண்ணன் பெருமையாக எழுதியிருந்தார். இதில் என்ன பெருமை? 2011-இல் அங்குள்ள சிறு விமானங்களில் இப்படிக் கட்டியவை சுமார் 10 சதவீதம்தான். உயிர் போன விபத்துகளிலோ 21 சதவீதம் அவற்றுடையது. அவர்களுடைய விபத்து விசாரணை வாரியமே சொன்ன கணக்கு.

ரிவெட்_ராஜா: அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்த வருடம் விபத்தான வீட்டு விமானங்களில் பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு ரிவெட்டும் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) தெரியும். ஒருவர் ரிவெட் கன் கருவியால் அடிக்க, இன்னொருவர் தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். நசுங்கிய தலை, ரிவெட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் வர வேண்டும். சாய்ந்துவிட்டால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். அப்புறம் பறக்க ஆரம்பித்தாலும் பெரும்பாலும் முதல் 40 மணி நேரம் பயணி ஏற்றக் கூடாது, குறித்துக் கொடுத்த பகுதியைத் தாண்டவும் கூடாது.

தரையே_போதும்: விற்றுவிட்டால் கட்டியவர் கை கழுவிவிடலாமா? பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது, வேறொருவர் கட்டி, அவர் வாங்கிய லாங்-ஈசி விமானத்தில்தான். எரிபொருள் டேங்க் மாற்றும் கைப்பிடியை, அந்த விமானத்தை வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். அதைத் தொட உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பியபோது தெரியாமல் வலது ரடர் பெடலை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதி) மிதித்து, கட்டுப்பாட்டை இழந்திருக்கிறார் என்று விசாரணை முடிவு சொன்னது.

எண்ணெய்க்கை: நான் மெக்கானிக், இரண்டு பேர் சொல்வதும் பாதிதான். எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வரக் கூடாது என்றுதான் அங்கே வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான், கை எட்டுமா என்பதைத்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். ஆனால் டென்வருக்கும் அந்தக் கைப்பிடியின் தொல்லை தெரியும். கிளம்பும் முன் அதில் வைஸ்-கிரிப் என்ற இடுக்கியை மாட்டிப் பார்த்தும் எட்டவில்லை. எரிபொருள் நிரப்பவும் வேண்டாம் என்றுவிட்டார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்!

ரிவெட்_ராஜா: அதைத்தானே நானும் சொல்கிறேன்? பழக்கமில்லாத விமானத்தில் போதிய பயிற்சி இல்லாமல் ஏறினால் கராஜ் என்ன செய்யும்?

எண்ணெய்க்கை: பயிற்சி வேண்டும், சரி. ஆனால் வருடச் சோதனையில் எங்கள் வேலை, பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. வரைபடப்படி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, கட்டியவர் மாற்றிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது.

தரையே_போதும்: அந்த இடத்தைத்தான் அடைக்கச் சொல்கிறேன். கட்டியவர் ஓட்டும்வரை அவர் இஷ்டம். விற்கும் நாளில், வரைபடத்திலிருந்து எதையெல்லாம் மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

ரிவெட்_ராஜா: போட்டால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். அப்புறம் எவனும் விற்க மாட்டான், உடைத்துக் குப்பையில்தான் போடுவான்.

தரையே_போதும்: போடட்டும் அண்ணே.