மேக்னெட் ஸ்கூல் ஒப்பீடு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

எடிசன் அம்மா

பொண்ணு எட்டாவது படிக்கிறாள். போன மாசம் தெரிந்தவர் வீட்டில் பிறந்தநாள். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்தது: எந்த மேக்னெட் ஸ்கூல் (பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் சிறப்பு அரசுப் பள்ளி) முதல்? ஒருத்தர் ஃபோனில் யு.எஸ். நியூஸ் நிறுவனத்தின் பள்ளித் தரவரிசைப் பட்டியலை நீட்டினார். இன்னொருத்தர் எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுக்கான தேர்வு) சராசரியைச் சொன்னார். மூன்றாமவர் "எத்தனை பேர் ஹார்வர்டு மாதிரி ஐவி லீக் காலேஜ் போனாங்க, அதைப் பாருங்க" என்றார். பாயசம் வருவதற்குள் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே எக்ஸெல்லைத் திறந்தேன். நியூ ஜெர்சியில் இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கையில் இருக்கின்றன. ஹாக்கென்சாக்கில் பெர்கன் கவுண்டி அகாடமீஸ், லின்கிராஃப்டில் ஹை டெக்னாலஜி, எங்கள் ஊரிலேயே மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமி. நாங்கள் மிடில்செக்ஸில் இருப்பதால் பெர்கன் எங்களுக்குக் கிடையவே கிடையாது. அப்புறம் ஏன் அதையும் சேர்த்து ஒப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஒப்பிட்டார்கள், நானும் ஒப்பிட்டேன்.

பட்டியலின் கணக்கு என்ன என்று தேடிப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. கல்லூரிக்குத் தயார்நிலை 30 சதவீதம், மாநிலத் தேர்வுகளை இரண்டு விதமாக அளந்து தலா 20, வசதி குறைந்த பிள்ளைகளின் தேர்ச்சி 10, பாட விரிவு 10, பட்டம் பெறுவோர் விகிதம் 10. "தயார்நிலை" என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஏ.பி. தேர்வாவது (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி மட்டத் தேர்வு, 5-க்கு மார்க்) எழுதி 3 எடுத்தார்களா என்பதுதான். 3 வாங்கினாலும் 5 வாங்கினாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் ஒரு ஏ.பி.யில் 3 எடுக்காமலா போவார்கள்? எல்லாப் பள்ளியும் நூறை ஒட்டியே நிற்கும். பட்டியலில் இருப்பது 17,000-க்கு மேற்பட்ட பள்ளிகள். முதல் இடத்துக்கும் பதினான்காம் இடத்துக்கும் நூற்றில் 0.1 கூட வித்தியாசம் இல்லை. அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகத்தான் அன்றைக்குப் பாயசம் ஆறிப்போனது.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. நியூயார்க்கின் புரூக்ளின் டெக்கில் ஏறக்குறைய ஆறாயிரம் பிள்ளைகள். ஹை டெக்னாலஜியில் மொத்தமே முந்நூறு தேறாது. எழுபது பேர் இருக்கிற வகுப்பில் ஒரு பையன் காய்ச்சலில் தேர்வைத் தவறவிட்டால் ஒன்றரை சதவீதம் போச்சு. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் எப்படி?

பிள்ளைகளை அனுப்பியவர்கள், அங்கே படித்தவர்கள் யாராவது நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன். பட்டியல் லிங்க் மட்டும் வேண்டாம், என்னிடம் பதினேழு இருக்கிறது.

ஜாக்சன் ஹைட்ஸ்காரன்

எனக்கு இரண்டு பையன்கள். உங்கள் எக்ஸெல்லில் பிடிபடாத கதை என் வீட்டிலேயே இருக்கிறது.

நியூயார்க்கில் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் மூன்றுக்கும் ஒரே வாசல், எஸ்.ஹெச்.எஸ்.ஏ.டி. தேர்வு. பள்ளி மார்க், ஆசிரியர் சிபாரிசு, கட்டுரை எதுவும் கிடையாது. 1971-இல் மாநிலச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்று மணி நேரம் எழுத வேண்டும். விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். மேலிருந்து கீழாக மார்க்கை வைத்து இடம் நிரப்புவார்கள். கடைசி இடம் வாங்கியவனின் மார்க்தான் கட்-ஆஃப். பள்ளி "இவ்வளவு மார்க் வேண்டும்" என்று முடிவு செய்வதில்லை. ஊரில் பாதிப் பேர் ஒரு பள்ளியை முதலில் எழுதினால் அதன் கட்-ஆஃப் தானாக ஏறும். அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் நிறையப் பேர் அதையே முதலில் எழுதுவார்கள்.

மூத்தவனுக்கு ஸ்டைவசன்ட் கிடைத்தது. ஹட்சன் கரையில் பத்து மாடி, உள்ளே எஸ்கலேட்டர். அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். இளையவன் நாலு மார்க்கில் தவறவிட்டான். புரூக்ளின் டெக் வந்தது. வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஒரு வாரம். அதற்கு நான்தான் காரணம், அவன் இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூத்தவன் எஸ்.ஏ.டி. 1600-க்கு 1550, இரண்டு தடவை எழுதி. இளையவன் 1510, ஒரே தடவை. டெக்கில் பதினொன்றாவதில் மேஜர், அதாவது சிறப்புப் பாடம், எடுக்க வேண்டும், கல்லூரி மாதிரி. ஏரோஸ்பேஸ் எடுத்தான். வீட்டு ஹாலில் தெர்மோகோல் இறக்கைகள் ஆறு மாசம் கிடந்தன. மூத்தவன் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட பள்ளியில் செய்ததைப் பற்றி ராத்திரிச் சாப்பாட்டில் பேசியதில்லை. இதை வைத்து டெக்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் இடம் மாறியிருந்தாலும் ஒருத்தன் பேசியிருப்பான், ஒருத்தன் பேசியிருக்க மாட்டான்.

பிறகுதான் படித்தேன், இதே கேள்வியைப் பொருளாதாரக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஆய்வு. எழுதிய மூவரில் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் 2021-இல் நோபல் வாங்கினார். பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளில் கட்-ஆஃபுக்கு ஒரு முடி மேலே இருந்தவர்களையும் ஒரு முடி கீழே இருந்தவர்களையும் எடுத்து, பின்னால் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். தேர்வு மார்க்கில் பெரிதாக வித்தியாசம் இல்லை. பள்ளியின் சராசரி உயரமாக இருப்பது உள்ளே நுழைந்தவர்களால்தான். என் நாலு மார்க் பையனுக்காகவே எழுதிய மாதிரி இருந்தது.

பிராங்க்ஸ் சயின்ஸ்காரர்கள் வந்து "எங்களிடம் ஒன்பது நோபல்" என்பார்கள். உண்மைதான். ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வெய்ன்பெர்க்கும் 1950-இல் ஒரே வகுப்பில் முடித்து, 1979-இல் ஒரே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆனால் ஒரே வகுப்பில் அப்படி இரண்டு பையன்கள் வந்து உட்கார்ந்தால் எந்த வாத்தியாருக்கும் பெருமைதான்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் மனசு கேட்காது. 2019-இல் ஸ்டைவசன்டில் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் ஏழு பேர். நகரப் பள்ளிகளில் அவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இடம் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு நம்மைப் போன்ற ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள். என் பையன் ஆறாவதிலிருந்து சனி, ஞாயிறு கோச்சிங் போனான். பக்கத்து அப்பார்ட்மென்ட் பையனுக்கு அந்தத் தேர்வு இருப்பதே எட்டாவதில்தான் தெரிந்தது. "மெரிட்" என்று நான் அடித்துப் பேசும்போதெல்லாம் அந்தப் பையன் முகம் வந்து நிற்கும்.

ஆஷ்பர்ன் வாசுகி

எடிசன் அக்கா, பதினான்காம் இடம் என்றீர்களே, எங்கள் ஊர்ச் சண்டை அதுதான்.

வர்ஜினியா டி.ஜே. (தாமஸ் ஜெஃபர்சன் ஹை ஸ்கூல்). பெரியவன் பழைய முறையில் தேர்வு எழுதிப் போனான். சின்னவள் புது முறையில் போனாள். 2020 கடைசியில் தேர்வையும் நூறு டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தார்கள். இடங்களை 550 ஆக்கினார்கள். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். அந்த முதல் வருஷமே ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73-இலிருந்து 54 சதவீதத்துக்கு இறங்கியது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022-இல் கீழ்க் கோர்ட்டில் ஜெயம், 2023-இல் அப்பீலில் தோல்வி, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்தது. எங்கள் வாட்ஸாப் குழு மூன்றாக உடைந்தது. எனக்கு மூன்றிலும் இடம் உண்டு, ஏனென்றால் வீட்டில் இரண்டு கட்சியும் இருக்கிறது.

2024-இல் டி.ஜே. பட்டியலில் 14-ஆம் இடத்துக்கு வந்ததும் "பார்த்தீர்களா, தேர்வை எடுத்ததால் விழுந்தது" என்று ஒரே ஆரவாரம். நானும் முதலில் தலையாட்டினேன். பெரியவன்தான் சொன்னான்: "அம்மா, அது 2021-22 வருஷத்துக் கணக்கு. அதில் வருகிற பன்னிரண்டாவது நாங்க எல்லாம் பரீட்சை எழுதி வந்தவங்க." அந்த வருஷம் புது முறையில் வந்தவர்கள் ஒன்பதாவதில் மட்டும்தான் இருந்தார்கள். குழுவில் போட்டேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. மறுநாள் ஒருத்தர் பொங்கல் கோலப் போட்டி நோட்டீஸ் போட்டார், விஷயம் மாறிவிட்டது.

அதற்காக எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். சின்னவள் முதல் வருஷம் கணக்கில் திணறினாள். கூட இருந்தவர்களில் சிலர் இரண்டு படி மேலே இருந்தார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேஜையில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள். அண்ணன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அண்ணன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

டி.ஜே.யில் எனக்குப் பிடித்தது வேறு. கடைசி வருஷம் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் ஒரு திட்டம் செய்து முடிக்க வேண்டும். பெரியவன் கடலியல் ஆய்வகத்தில் இருந்தான், வீட்டு ஃபிரிட்ஜில் சேற்றுத் தண்ணீர் பாட்டில்கள். அதே பள்ளிப் பிள்ளைகள் செய்த குட்டிச் செயற்கைக்கோள் 2013-இல் விண்வெளிக்கே போயிருக்கிறது. அக்கா சொன்ன அந்த நூறு சதவீதக் கணக்கில் இதற்கு எத்தனை மார்க்? பூஜ்ஜியம்.

சிகாகோ தம்பி

படித்தவன் பேசுகிறேன், சுருக்கமாக. சிகாகோவில் செலக்டிவ் பள்ளிகளில் 30 சதவீத இடம் மார்க்குக்கு மட்டும். மீதி 70-ஐ வீடு இருக்கும் பகுதியின் வசதியைப் பார்த்து நாலு டியராக (அடுக்காக)ப் பிரித்துக் கொடுப்பார்கள். நாங்கள் டியர் 4, அதாவது வசதியான பக்கம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் டியர் 3. எதிர்வீட்டு நண்பன் என்னைவிடக் குறைந்த மார்க்கில் வந்தான். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார். அவன் எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

ஐவி எண்ணிக்கை கேட்கும் மாமாக்களுக்கு ஒன்று: "எங்கள் பள்ளிக்கு இருபத்தைந்து ஐவி அட்மிஷன்" என்றால் இருபத்தைந்து பேர் என்று அர்த்தமில்லை. எங்கள் செட்டில் ஒரே பெண்ணுக்கு ஐந்து கிடைத்தது. அவள் போனது ஒன்றுக்குத்தான்.

கணக்கு வாத்தியார்

மதுரைப் பக்கம் பத்து வருஷம், இங்கே ஒரு மேக்னெட் பள்ளியில் பன்னிரண்டு வருஷம். பெயர் சொல்ல மாட்டேன், சோறு போடுகிற இடம்.

என் ஏ.பி. கால்குலஸ் வகுப்பில் வருஷா வருஷம் எல்லாரும் பாஸ். பாதிக்கு மேல் 5. பெற்றோர் வந்து கை கொடுப்பார்கள். முதல் நாள் நான் ஒரு சின்னத் தேர்வு வைப்பேன், மார்க் போடுவதற்கு இல்லை, எனக்காக. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அன்றைக்கே பாதிப் பாடம் முடித்துவிட்டு வந்திருப்பார்கள், கோடை விடுமுறைக் கோச்சிங். அந்த 5-இல் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

என் பங்கு தெரிகிற பிள்ளைகள் வேறு. கோச்சிங் இல்லாமல், தொலைவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். செப்டம்பரில் பின்னம் கூட்டத் தடுமாறி, மே மாசம் 4 வாங்கிய ஒரு பெண் இருக்கிறாள். பட்டியல் கணக்கில் அவளும் "பாஸ்", ஏற்கெனவே தெரிந்து வந்தவனும் "பாஸ்".

திணறி வெளியே போகிறவர்களும் உண்டு. ஒன்பதாவது முடிந்ததும், சிலர் பத்தாவது பாதியில், தங்கள் பகுதிப் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்கள். யாரும் துரத்துவதில்லை, ஆனால் யாரும் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. அவர்கள் போனதும் எங்கள் சராசரி ஒரு துளி ஏறும். நம் ஊரில் ஒன்பதாவதில் சுமாராகப் படிப்பவனுக்கு டி.சி. கொடுத்துவிட்டு பத்தாவதில் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டும் பள்ளிகளைப் பார்த்தவன் நான். இங்கே பேனர் கிடையாது, அவ்வளவுதான். போன வருஷம் ஸ்டாஃப் மீட்டிங்கில் "எத்தனை பேர் போனார்கள், ஏன்" என்று கேட்டேன். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார்கள். அதன்பிறகு நாலு மீட்டிங் முடிந்துவிட்டது.

எடிசன் அம்மா, பொண்ணு எட்டாவதுதானே? ஓப்பன் ஹவுஸ் (பெற்றோருக்குப் பள்ளியைக் காட்டும் நாள்) போனால் எஸ்.ஏ.டி. சராசரி கேட்காதீர்கள், அது வாசலிலேயே ஒட்டியிருக்கும். ஒன்பதாவதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாவதில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம், பிள்ளை ஒரு பாடத்தில் சி வாங்கினால் அந்த வாரம் பள்ளியில் யார் அவளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று கேளுங்கள். ஒரு ஆளைக் காட்டிச் சொன்னால் சரி. "எங்களிடம் நிறைய வசதிகள் இருக்கின்றன" என்றால் பொண்ணைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் டோனட் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எடிசன் அம்மா

சார், ரொம்ப நன்றி. எக்ஸெல்லில் "ஒன்பதில் சேர்ந்தவர் / பன்னிரண்டில் இருப்பவர்" என்று ஒரு வரிசை சேர்த்திருக்கிறேன். இப்போதைக்கு அது முழுக்கக் காலி.

பொண்ணிடம் இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பிடித்தது ஃபிரிட்ஜில் சேற்றுத் தண்ணீர். அப்புறம் "அங்கே மியூசிக் பேண்ட் இருக்கா?" என்றாள். அவள் கிளாரினெட் வாசிப்பாள், அதற்கு என் ஷீட்டில் வரிசையே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஓப்பன் ஹவுஸ் போகிறோம். ஓக் ட்ரீ ரோடு பக்கம் யாராவது வருவதாக இருந்தால் காரில் இரண்டு இடம் இருக்கிறது.